சுந்தரவனம்: இந்திய–வங்கதேச ஒத்துழைப்பின் வரலாறு

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று பேராறுகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டலின் கடலோர விளிம்பில், ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் அலையாத்திக் காடு சுந்தரவனம். இதில் சுமார் 6,000 ச.கி.மீ. வங்கதேசத்திலும் எஞ்சியது இந்தியாவின் மேற்கு வங்க மாநிலத்திலும் உள்ளன. ராய்மங்கல், ஹரியாபங்கா ஆறுகளின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. புயல், கடல்மட்ட உயர்வு, பெருகிவரும் உவர்ப்பு ஆகியவற்றுக்கு இக்காடும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஈடுகொடுக்க, இரு நாடுகளும் 1972 முதல் செய்துகொண்ட ஏற்பாடுகள் பல. அவை ஒரே திட்டமாகப் பிறக்கவில்லை. ஆற்று நீருக்கு ஓர் ஒப்பந்தம், புயல் எச்சரிக்கைக்கு ஓர் அமைப்பு, காட்டுக்கு ஓர் உடன்படிக்கை என்று தனித்தனியே உருவாயின. காட்டின் உயிர் ஆற்று நீரில் இருக்க, இவ்விரண்டையும் வெவ்வேறு தாள்களில் எழுதி வைத்ததே இந்த ஒத்துழைப்பின் பெருங்குறை.

காடும் கோடும்

சுந்தரி மரம் மிகுந்த காடு என்பதால் இப்பெயர் வந்தது என்பர். சுந்தரி உப்பைத் தாங்கும். ஆனால் நன்னீர் கலந்து வந்தால்தான் ஓங்கி வளரும். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம் கடலின் உப்பைக் கொண்டுவருகிறது. ஆறு நன்னீரையும் வண்டலையும் கொண்டுவருகிறது. இரண்டும் சந்திக்கும் அளவைப் பொறுத்தே எந்த மரம் எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது. மேலைக் கிளையாறுகள் பல நூற்றாண்டுகளாகத் தூர்ந்து, கங்கையின் பெருநீர் கிழக்கே திரும்பிவிட்டதால், இந்தியப் பகுதியின் மாத்லா போன்ற ஆறுகளில் மேலிருந்து வரும் நன்னீர் அறவே குறைந்துவிட்டது. அங்கே சுந்தரி அரிது. வங்கதேசத்தின் கிழக்குப் பகுதியில் அது இன்னும் செழிப்பாக இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியாளர் முதலில் இதைக் காடாகப் பார்க்கவில்லை. திருத்தினால் வரி தரக்கூடிய நிலமாகவே பார்த்தனர். 1829–30இல் டாம்பியரும் ஹாட்ஜஸும் அளந்து வரைந்த கோடு சுந்தரவனத்தின் வட எல்லையானது. அதற்குத் தெற்கே நிலம் குத்தகைக்குப் போயிற்று, காடு வெட்டப்பட்டது, ஓதநீரைத் தடுக்க மண்கரைகள் எழுந்தன. 1870களில்தான் எஞ்சிய காட்டின் பகுதிகள் காப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் மாத்லா ஆற்றங்கரையில் கல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு துறைமுக நகரை எழுப்ப முனைந்தபோது, புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் அந்த இடம் கடல்நீரில் மூழ்கும் என்று 1853இல் எழுத்திலேயே எச்சரித்தார். நகரம் கட்டப்பட்டது. 1867இல் புயலலை அதைச் சிதைத்தது.

1947 பிரிவினையில் எல்லை வகுத்த ராட்கிளிஃப் குழு குல்னா மாவட்டத்தைக் கிழக்குப் பாகிஸ்தானுக்கு அளித்தது. அன்றோடு ஒரே காடு இரு நாடுகளின் காடாயிற்று. ஆனால் தேனெடுக்கக் காட்டுக்குள் போகும் மௌவாலிகள் எல்லையின் இருபுறமும் இன்றும் காட்டுத் தெய்வமான போன்பீபியை வணங்கிவிட்டே போகிறார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. உலக மரபுப் பட்டியலில் இந்தியப் பகுதி 1987இலும் வங்கதேசப் பகுதி 1997இலும் தனித்தனி இடங்களாகச் சேர்க்கப்பட்டன. ராம்சர் ஈரநிலப் பட்டியலில் வங்கதேசப் பகுதி 1992இல் இடம்பெற, இந்தியப் பகுதி 2019 வரை காத்திருந்தது.

பரக்காவும் கோராய் ஆறும்

கல்கத்தா துறைமுகத்தில் படியும் வண்டலை அடித்துச் செல்லக் கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தியா 1961இல் பரக்கா தடுப்பணையைக் கட்டத் தொடங்கியது. எல்லைக்குச் சற்று மேலே அமைந்த அது 1975இல் இயங்கத் தொடங்கியது. வங்கதேசம் விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1972இல், இரு நாடுகளும் கூட்டு ஆறுகள் ஆணையத்தை அமைத்திருந்தன. ஆனாலும் கோடைக்கால நீர் குறைந்ததும் நட்பு தளர்ந்தது. 1976 மே மாதம் வங்கதேச அரசியல் தலைவரான முதியவர் மௌலானா பாஷானி பல்லாயிரம் மக்களைத் திரட்டிப் பரக்காவை நோக்கி நெடும்பயணம் நடத்தினார். 1977இல் ஐந்தாண்டு உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் குறுகிய காலப் புரிந்துணர்வுகள் வந்தன. 1988 முதல் 1996 வரை எந்த உடன்பாடும் இல்லை.

கங்கையிலிருந்து தென்மேற்கு வங்கதேசத்துக்கும் சுந்தரவனத்துக்கும் நன்னீர் கொண்டுவரும் தலையாய கிளை கோராய். பரக்காவுக்குப் பின் கோடையில் அதன் வாய் மணல்மேடாகி, ஆறு பல ஆண்டுகள் கங்கையோடு தொடர்பே அற்றுக் கிடந்தது. கடலுப்பு உள்ளே ஏறியது. சுந்தரி மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து சாகும் நோய் பரவியது. நோய்க்கு வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. உவர்ப்பு அவற்றுள் முதன்மையானது என்பதே பலரின் முடிவு. 1990களின் இறுதியில் வங்கதேசம் கோராயின் வாயைத் தூர்வாரத் தொடங்கியது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மணல் மீண்டும் வந்து படிவதால் அது முடிவில்லாத வேலை.

1996 டிசம்பர் 12 அன்று பிரதமர்கள் தேவ கவுடாவும் ஷேக் ஹசீனாவும் கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்து நாளுக்கு ஒரு கணக்காகப் பரக்காவில் வரும் நீர் பிரிக்கப்படுகிறது. விநாடிக்கு 70,000 கன அடிக்குக் குறைந்தால் ஆளுக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கு மேல் வந்தால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை ஒன்றுவிட்ட பத்து நாள் தவணைகளில் இரு நாடுகளுக்கும் மாறிமாறி 35,000 கன அடி உறுதி. எட்டாண்டுக் காலப் பூசலை அடக்கிய இந்த ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதில் இரண்டு கணக்காளர்கள் மட்டுமே உண்டு. காட்டுக்கு என்று ஒரு பங்கு அதில் இல்லை.

புயல்

ஒத்துழைப்பு உயிர் காத்த துறை புயல் எச்சரிக்கையே. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டனர். அதன் பிறகு, 1972இல், உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் சேர்ந்து வங்காள விரிகுடா, அரபிக் கடல் நாடுகளுக்கான வெப்பமண்டலப் புயல் குழுவை அமைத்தன. இந்தியா, வங்கதேசத்துடன் இலங்கையும் இதில் உறுப்பு நாடு. டெல்லியில் உள்ள மண்டல மையம் புயலின் பாதையையும் அலை உயரத்தையும் கணித்து உறுப்பு நாடுகளுக்கு அனுப்புகிறது. அந்தந்த நாடு தன் மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. 2004இல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் தொடங்கியபோது முதற்பெயரான ஓனில் வங்கதேசம் தந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் நாம் கேட்கும் புயற்பெயர்கள் வருவதும் இதே பட்டியலிலிருந்துதான்.

எச்சரிக்கையை வீட்டு வாசல் வரை கொண்டு போனது வங்கதேசத்தின் புயல் ஆயத்தத் திட்டம். செம்பிறைச் சங்கமும் அரசும் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய இதில் இன்று 70,000க்கு மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர். கொடியும் ஒலிபெருக்கியும் அவர்களுடைய கருவிகள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேரை இழந்த நாடு, 2007இல் சிதர் புயலில் ஏறத்தாழ 3,400 பேரை இழந்தது. 2020 மே 20 அன்று ஆம்பன் கரை கடந்தபோது வங்கதேசம் முன்கூட்டியே 20 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியிருந்தது. அங்கே உயிரிழந்தோர் சில பத்துப் பேரே. ஒவ்வொரு இறப்பும் பேரிழப்பே. ஆயினும் அரை நூற்றாண்டில் லட்சங்கள் பத்துகளானதற்கு, அரசியல் உறவு கெட்ட ஆண்டுகளிலும் வானிலைச் செய்தி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது ஒரு காரணம்.

2011 உடன்படிக்கை

2011 செப்டம்பர் 6 அன்று, பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றிருந்தபோது, சுந்தரவனப் பாதுகாப்பு பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கையும் வங்கப் புலியைக் காப்பதற்கான நெறிமுறையும் கையெழுத்தாயின. இரு பகுதிகளும் ஒரே சூழலமைப்பு என்று இரு அரசுகளும் சேர்ந்து எழுதிய ஆவணம் அது. தட்பவெப்ப மாற்றத்தின் தாக்கத்தை ஆராய்வது, அழிந்த அலையாத்தியை மீட்பது, தகவல் பரிமாற்றம், கூட்டு ஆய்வு ஆகியவை அதில் உள்ளன. புலிக் கணக்கெடுப்பில் பலன் தெரிந்தது. இருபுறமும் தானியங்கிப் படக்கருவிகளைக் கொண்டு எண்ணும் முறை வந்தது. வங்கதேசத்தில் 2015இல் 106 ஆக இருந்த மதிப்பீடு 2024இல் 125. இந்தியப் பகுதியில் 2022 கணக்கின்படி ஏறத்தாழ 100.

ஆனால் ஆற்று நீரைக் குறித்து உடன்படிக்கை எந்தக் கடமையும் விதிக்கவில்லை. அதைவிட வேதனையானது வங்கதேசத்தின் ராம்பால். இரு நாட்டு மின் நிறுவனங்களும் 2010இல் தொடங்கி வைத்த கூட்டு முயற்சியில், காட்டு விளிம்பிலிருந்து 14 கி.மீ. தொலைவில் 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. அதை வேறிடத்துக்கு மாற்றும்படி யுனெஸ்கோ குழு 2016இல் பரிந்துரைத்தது. 2022 இறுதியில் அதன் முதல் அலகு மின்சாரம் தந்தது. காட்டைக் காக்கக் கையெழுத்திட்ட அதே இரு அரசுகள் அதன் அருகில் நிலக்கரியை எரிக்கவும் கைகோத்தன என்பதை இந்த வரலாறு மறைக்க முடியாது.

நீர்வழி வாணிகமும் அப்படியே. 1972 முதல் நடப்பில் உள்ள நீர்வழி நெறிமுறையின்கீழ் சரக்குக் கப்பல்கள் காட்டுக்குள் ஓடும் ஆறுகளின் வழியே போகின்றன. வங்கதேசத்தின் மோங்லா–காசியாகாலி கால்வாய் தூர்ந்துபோனதால் 2011 முதல் கப்பல்கள் காட்டுக்குள்ளே ஷேலா ஆற்று வழியில் திருப்பிவிடப்பட்டன. 2014 டிசம்பர் 9 அன்று அங்கே ஓர் எண்ணெய்க் கப்பல் மூழ்கி ஏறத்தாழ மூன்றரை லட்சம் லிட்டர் உலை எண்ணெய் கொட்டியது. கரையோர மக்கள் பாத்திரங்களாலும் கைகளாலும் அதை அள்ளினார்கள். கூட்டாக விரைந்து செயல்பட ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அதைவிடத் தெளிவாக எதுவும் உணர்த்தியிருக்க முடியாது.

தீவும் கரையும் விதையும்

ஹரியாபங்கா முகத்துவாரத்தில் 1970 புயலுக்குப் பின் ஒரு மணல்தீவு தலைகாட்டியது. இந்தியா அதை நியூ மூர் என்றது; வங்கதேசம் தென் தல்பட்டி என்றது. உரிமைப் பூசல் முடிவதற்கு முன்பே, 2010 வாக்கில், கடல் அதை விழுங்கிவிட்டது. 2014 ஜூலையில் நடுவர் மன்றம் கடல் எல்லையை வகுத்தது. இரு நாடுகளும் அதை ஏற்றன.

ஊர்களின் நிலைமையை முடிவு செய்வது மண்கரை. இந்தியப் பகுதியின் 102 தீவுகளில் 54இல் மக்கள் வாழ்கிறார்கள்; சுற்றிலும் சுமார் 3,500 கி.மீ. கரை. வங்கதேசத்தில் 1960களிலிருந்து 139 போல்டர்கள், அதாவது கரையால் வளைத்த நிலப்பகுதிகள், உருவாயின. கரை உப்பைத் தடுத்தது. கூடவே வண்டலையும் தடுத்தது. காடு ஆண்டுதோறும் வண்டலேறி உயர, கரைக்குள் இருந்த வயல் தாழ்ந்தது. தாக்கோப் பகுதியின் 32ஆம் போல்டரில் நிலம் அருகிலுள்ள காட்டுத் தரையைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. 2009 மே 25 அன்று அய்லா புயல் கரையை உடைத்தபோது உள்ளே நுழைந்த கடல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெளியேறவில்லை.

இதற்கு ஒரு மாற்றை வங்கதேச உழவர்களே கண்டிருந்தார்கள். நீர் வடியாமல் அழுகிய டாகாத்தியா தாழ்நிலத்தின் கரையை 1990இல் மக்கள் தாமே வெட்டி ஓதத்தை உள்ளே விட்டனர். வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது, ஆறும் ஆழமாயிற்று. பின்னர் அரசு இதை முறைப்படி ஏற்றது. சில ஆண்டுகள் விளைச்சலை இழக்கும் குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை ஒழுங்காகச் சேராததே இதன் சிக்கல். எல்லைக்கு இப்பால் உள்ள தீவுகளுக்கும் தேவையான அறிவு இது. ஆனால் கரைப் பொறியாளர்கள் கூடிப் பேச நிலையான மன்றம் இல்லை. விதையில் நிலைமை மேல். அய்லாவுக்குப் பின் இந்தியப் பகுதி உழவர்கள் நோனா பொக்ரா, தால்முகுர் போன்ற பழைய உவர் தாங்கும் நெல்லைத் தேடினர். ஒரு நாடு வெளியிட்ட நெல் ரகத்தை மற்ற நாடும் ஏற்க வங்கதேசமும் இந்தியாவும் நேபாளமும் 2014இல் உடன்பட்டன.

அண்மை நிலை

வங்காள விரிகுடாவில் இந்தியாவின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் இதே தேதிதான். வங்கதேசத்தின் 65 நாள் தடை மே 20இல் தொடங்கி ஜூலை வரை நீடித்தது. தம் படகுகள் கரையில் கிடக்கும்போது இந்தியப் படகுகள் மீனை அள்ளுகின்றன என்று வங்கதேச மீனவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டனர். 2025இல் அந்நாடு தன் தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை 58 நாளாக மாற்றியது. இப்போது இரு நாடுகளின் தடைக்காலமும் ஏறத்தாழ ஒன்றே.

1996 கங்கை ஒப்பந்தத்தின் முப்பதாண்டுக் காலவரை 2026 டிசம்பர் வரை. அதன் இணைப்பில் உள்ள நீர்வரத்து அட்டவணை 1949–1988 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வகுக்கப்பட்டது. மழையின் போக்கும் பனியாறுகளும் மேல்நிலப் பாசனமும் அதன் பிறகு மாறிவிட்டன. அடுத்து எழுதப்படும் அட்டவணை 1988க்குப் பிந்தைய அளவீடுகளிலிருந்து தொடங்க வேண்டும். அதில் கோராய் வழியே காட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய கோடைக்கால நீருக்கு ஒரு தனி வரி இருக்க வேண்டும்.