இறக்கக்கூடாத ஜோன்

1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டில், ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையை அண்மையில் மீண்டும் ஆடினேன். முதற்கட்டத்தில் அவளை ஷினோன் கோட்டைக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். வழியில் அவள் மாண்டால் தோல்வி. இவ்விளையாட்டில் கல்லையும் பொன்னையும் படையையும் இழந்து ஈடுகட்டலாம். ஜோனை மட்டும் இழக்கலாகாது.

வரலாறு இந்த விதியை ஏற்கவில்லை. 1429 மே 8இல் அவள் முன்னின்ற போரால் ஓர்லியான் முற்றுகை விலகியது. ஜூலை 17இல் ரெய்ம்ஸ் பேராலயத்தில் ஏழாம் சார்லஸ் முடிசூடினான். மறு ஆண்டு மே 23இல் கொம்பியேனில் பர்கண்டியர் அவளைச் சிறைபிடித்தனர். பின்னர் ஆங்கிலேயரிடம் விலைக்குக் கொடுத்தனர். அவளால் மகுடம் பெற்றவன் பணம் கொடுத்து மீட்கவில்லை. 1431 மே 30இல் ரூவான் நகரச் சந்தைத் திடலில் எரிக்கப்பட்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கலாம். 1450இல் அவ்வழக்கை மீண்டும் ஆராய ஆணையிட்டவனும் அதே சார்லஸ்தான். 1456இல் தீர்ப்பு செல்லாததாயிற்று. அன்பினால் அன்று, தன் மகுடத்தில் ஒட்டிய மதத்துரோகக் கறையைக் கழுவவே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டில் சிறையும் நெருப்பும் கட்டங்களுக்கிடையே ஒரு வீரனின் குரலில் கடந்துபோகின்றன. ஆடுபவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதைக் குறையென்றே முதலில் எண்ணினேன். ஆனால் அரசனின் மௌனத்தை எந்த விசையில் பொருத்துவது?

இறுதிக் கட்டம் காஸ்தியோன், 1453. ஜோன் இல்லை. நாம் காத்துச்செல்ல வேண்டியது பிரெஞ்சுக் கொடியேந்திய ஒரு வண்டியை. உண்மைப் போர் நடந்ததும் ஒரு ஜூலை 17இல்தான். முடிசூட்டு நடந்து சரியாக இருபத்துநான்கு ஆண்டுகள். அன்று ழான் பியூரோவின் பீரங்கிகளுக்கு எதிரே முதிய டால்பட் மாண்டான்.