ஒற்றையானும் போக்கிரியும்

மேலிடத்தைக் கேட்காமல் தன் போக்கில் இறங்கிவிட்ட உளவாளி, கட்சிக் கட்டளையை மீறிப் பேசும் தலைவர், முதலாளிக்குத் தெரியாமல் பெரும்பணத்தைச் சூதாடும் தரகர் ஆகியோர் செய்வதை ஆங்கிலத்தில் 'கோயிங் ரோக்' என்பார்கள். 1995இல் பேரிங்ஸ் வங்கியை மூழ்கடித்த நிக் லீசனுக்கு 'ரோக் டிரேடர்' என்ற பட்டமே நிலைத்துவிட்டது. இந்தத் தொடருக்குப் பின்னால் ஒரு யானை நிற்கிறது. அதுவும் நம் பக்கத்து யானை.

'ரோக்' என்ற சொல் இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. முதலில் அதற்குக் கொடியவன் என்ற பொருள் இல்லை. வீடுவாசலும் எஜமானனும் இல்லாமல் ஊர் ஊராகத் திரிபவனையே அது குறித்தது. 1572ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித் திரிபவனைச் சவுக்கால் அடித்து, வலது காதின் குருத்தெலும்பைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைக்கச் சொன்னது. ஓரிடத்தில் கட்டுப்படாமல் இருந்ததுதான் குற்றம். அலைபவன் அயோக்கியன் ஆனது அதன் தொடர்ச்சி.

யானைக்கு இந்தப் பெயரை ஒட்டவைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு இலங்கையின் வெள்ளைக்காரர்கள். சிங்களத்தில் தனித்துத் திரியும் யானையை 'ஹொர அலியா' என்பார்கள். ஹொர என்றால் திருடன். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், பழைய ஏடு ஒன்றில் கண்ட 'ரொங்கெடோர்' என்ற சொல் திரிந்து 'ரோக்' ஆகியிருக்கலாம் என்று கருதினார். உறுமுபவன், சண்டியன் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல் அது. ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அந்தக் கருத்தைக் குறித்துக்கொண்டாலும் தோற்றம் தெளிவில்லை என்றே சொல்கிறது. எனக்கு அந்த விளக்கம் சுற்றிவளைப்பாகப் படுகிறது. ஊருக்குள் 'ரோக்' என்ற வசவு தயாராக இருந்தது. தோட்டத்துக்காரர் அதைக் காட்டுக்கும் எடுத்துப் போனார், அவ்வளவுதான்.

அதே 1859இல் டார்வின், இனத்துக்குப் பொருந்தாத செடிகளை நாற்றங்காலில் பிடுங்குபவர்கள் அவற்றை 'ரோக்' என்று சொல்வதைக் குறிப்பிடுகிறார். நம் விதைப்பண்ணைகளில் இன்றும் அந்த வேலை உண்டு. அதற்குக் 'கலவன் நீக்குதல்' என்று பெயர். கலவன் என்ற சொல்லில் பழி இல்லை, வேறு ரகம் கலந்துவிட்டது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது.

யானைக்கும் அப்படிப்பட்ட சொற்கள் நம்மிடம் உண்டு. அவை உயிரோடு புழங்கும் இடம் இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல். தேயிலையும் ஏலமும் சூழ்ந்த ஊர். பக்கத்து அணைக்கட்டின் பெயரே ஆனையிறங்கல். ஆனை இறங்கித் தண்ணீர் குடிக்கும் வழி அது என்பதை அணைக்கு முந்தைய வாய்மொழி பதிந்து வைத்திருக்கிறது. அந்த வழியை ஒட்டித்தான் 2000களின் தொடக்கத்தில் பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து 301 காலனி உருவானது.

இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புரளும். தனியே வரும் ஆண் யானை 'ஒற்றையான்'. பேச்சில் 'ஒத்த ஆனை'. தந்தம் உள்ளது கொம்பன். பன்னியார் ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப உடைத்து அரிசி தின்றவன் அரிக்கொம்பன். பலாப்பழத்துக்கு வருபவன் சக்கக்கொம்பன். நாஞ்சில் நாட்டாருக்கு 'சக்கை' என்றால் பலா என்று சொல்ல வேண்டியதில்லை. வால் அறுந்தவன் முறிவாலன். மூணாற்றில் சாலையோரம் நிதானமாக நிற்பவனுக்கு ரஜினி படத்தின் பெயரில் 'படையப்பா'. எதைத் தின்னும், எதனால் அடையாளம் காணலாம், எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அழைக்கும் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. வீட்டை இழந்தவர்களும் உறவைப் பறிகொடுத்தவர்களும் புழங்கும் பெயர்கள் இவை. அவர்களுக்கு அச்சம் நிறைய உண்டு. ஆனாலும் 'திருடன்' என்ற சொல் பெயருக்குள் ஏறவில்லை.

ஒற்றையாக இருப்பது ஆண் யானைக்கு இயல்பு. ஆண் கன்று பருவம் எட்டும் 10 முதல் 15 வயதுக்குள் தாய்க் கூட்டத்தை விட்டு விலகிவிடும். பிறகு தனியாகவோ இன்னும் சில ஆண் யானைகளோடோ திரியும். கூட்டத்திலிருந்து துரத்தப்பட்ட குற்றவாளி என்று பழைய வேட்டைக்காரர்கள் கட்டிய கதைக்கு இதில் இடமில்லை. தமிழில் 'ரோக்'குக்கு நெருங்கிய வழக்கு 'தறிகெட்டுத் திரிதல்'. தறி என்பது விலங்கைக் கட்டும் கம்பம். கோயில் யானை தறிகெட்டது என்றால் பொருள் இருக்கிறது. சின்னக்கானல் கொம்பனுக்கு எந்தத் தறி இருந்தது, கெடுவதற்கு?

2023இல் இந்தக் கேள்வி கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. நிபுணர் குழு அரிக்கொம்பனைப் பாலக்காட்டுப் பரம்பிக்குளத்துக்கு அனுப்பலாம் என்றதும் முதலமடைப் பக்கம் மக்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். மே 27இல் அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. தமிழக வனத்துறை ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையின் கோதையாறு மேல்பகுதியில் விட்டது. அந்த நாட்களில் சில செய்திகளில் அது 'அரிசிக்கொம்பன்', சிலவற்றில் 'கொலைகார யானை'. இரண்டாவது பெயர், 'ரோக்' தமிழில் போட்டுக்கொண்ட வேடம்.

சட்டம் அந்த வேடத்தைப் போடவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டதா, மீளமுடியாதபடி நோயுற்றதா, முடமானதா என்று மட்டுமே பார்க்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் படும். அதே 2023 ஜனவரியில் பாலக்காட்டுத் தோணி என்ற ஊரில் பிடிபட்ட 'பி.டி. 7' என்ற கொம்பனின் உடம்பில் நாட்டுத் துப்பாக்கி ரவைகள் தைத்திருந்தன.