ஹம் நகரத்துக் கம்பியும் நமது கார்களின் கறளும்

பாவித்த கார் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கறள் தின்ற தகட்டைத் தாங்களே வெட்டி ஒட்டுவதற்கு, முதன்முதலாக எந்த வெல்டிங் மெஷினை வாங்கலாம் என்பதே அது. கணக்காளரிடம் கேட்டால் மலிவானதைச் சொல்வார் என்று நினைத்தார்களோ தெரியாது. விலையைப் பார்க்குமுன் கொஞ்சம் வரலாற்றைப் பாருங்கள் என்றேன்.

ஊன்ட்றொப் என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவது 2002இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம். அந்த ஊர் ஹம் நகரின் கிழக்குப் பகுதி. ஹம் நகரமோ கம்பி இழுத்து வளர்ந்த ஊர். 1847இல் கொலோனையும் மின்டனையும் இணைத்த புகையிரதப் பாதை ஹம் வழியாக வந்தது. அதன் பின்னே இரும்பு உருட்டாலைகளும் கம்பி ஆலைகளும் வந்தன. வெஸ்ற்ஃபேலியக் கம்பித் தொழில் நிறுவனம் 1856ஐத் தன் தொடக்க ஆண்டாகக் குறிக்கிறது. நம்மூரில் பொற்கொல்லர் கம்பியச்சின் சிறு துளைகளூடாகப் பொன்னை இழுத்து மெலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடந்ததும் அதுவே. பொன்னுக்குப் பதில் உருக்கு, கைக்குப் பதில் இயந்திரம். ஆணி, வேலி, வடம் என்று தொடங்கிய அந்தத் தொழில் பின்னர் வெல்டிங் கம்பிக்கும் வந்து சேர்ந்தது. ‘யூனியன்’ என்ற பெயரில் விற்கப்பட்ட வெல்டிங் கம்பிச் சுருள்கள் ஹம் நகரத்து ஆலைகளின் வழிவந்தவை. தேர்த்திருவிழாவுக்குப் போகிறவர்கள் பலர் இதை அறியாமலே அவ்வூரைக் கடந்து போகிறோம்.

இனிக் கார்ப் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் போன்ற கார்களுக்குப் பாரத்தைத் தாங்கத் தனியான அடிச்சட்டம் இருந்தது. தகடு அதன் மேல் அமர்ந்த கூடு மட்டுமே. ரிங்கரிங் வேலைக்காரர் ஒட்சிசன்-அசற்றலீன் சுவாலையால் ஒட்டி, சுத்தியலால் தட்டி, பூச்சுப் பூசினால் வேலை முடிந்தது. ஆனால் ஜேர்மனியில் 1935இலேயே ஓப்பல் ஒலிம்பியா அடிச்சட்டமின்றி வந்துவிட்டது. அதில் தகட்டுடலே பாரத்தைத் தாங்கியது. போருக்குப் பின் அதுவே பொதுவழக்கமாயிற்று. அப்போதிருந்து கதவின் கீழ் ஓடும் பெட்டி போன்ற விளிம்பு அழகுக்கானதல்ல, காரின் முதுகெலும்பு. அதில் கறள் பிடித்தால் மோதலின்போது உள்ளிருப்பவருக்கு ஆபத்து. 1951இல் இங்கு கட்டாயமாக்கப்பட்ட வாகனப் பரிசோதனையில் அதிகாரி குனிந்து தட்டிப் பார்ப்பது இதனால்தான்.

இந்த மெல்லிய தகட்டை எப்படி ஒட்டுவது? சுவாலை அகலமாகச் சூடேற்றும். தகடு அப்பளம் போல் நெளியும். பூச்சுக் குச்சியைப் பாவித்தாலோ, ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தகட்டில் ஓட்டை விழும்.

விடை மூன்று படிகளில் வந்தது. 1948இல் அமெரிக்காவின் பற்றெல் ஆய்வு நிறுவனத்தில், கம்பியை இடைவிடாது ஊட்டி, வாயுப் போர்வைக்குள் உருக்கும் முறை உருவானது. ஆகனும் ஹீலியமும் விலை கூடியவை. ஆகவே அது பெரும்பாலும் அலுமினியத்துக்கே பயன்பட்டது. 1953இல் சோவியத் ஆய்வாளர்கள் மலிவான காபனீரொட்சைட்டைப் பாவித்து உருக்குக்கும் அதைக் கொண்டுவந்தனர். ஆனால் வெப்பம் இன்னும் கூடுதல். 1950களின் இறுதியில்தான் மெல்லிய கம்பியும் குறைந்த மின்னழுத்தமும் சேர்ந்தன. கம்பி தகட்டைத் தொட்டு, அறுந்து, மறுபடி தொடும். இது செக்கனுக்குப் பலமுறை நடக்கும். காதுக்கு அது தாச்சியில் முட்டை பொரிகிற சத்தம். இடையிடையே வில் அணைவதால் தகட்டுக்குப் போகும் சூடு குறைகிறது. என் கணிப்பில், கார் திருத்தும் தொழிலை மாற்றியது இந்த மூன்றாவது படிதான். பின்னர் வலுக்கூடிய உருக்குகள் கார்களுக்குள் வந்தபோது, சுவாலையின் சூடு அவற்றின் வலுவைக் கெடுத்தது. சுவாலை கராஜ்களிலிருந்து பின்வாங்கியது அதன் பிறகே.

இப்போது இளைஞர்களின் கேள்வி தானாகவே பாதி தீர்கிறது. கடையில் பெரிய எழுத்தில் 180, 200 அம்பியர் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு கீழே இறங்கும் என்று. 25, 30 அம்பியரில் நடுங்காமல் ஓடுகிற மெஷின் வேண்டும். வீட்டுச் சுவரின் 230 வோல்ட் இணைப்பே இதற்குப் போதும். கம்பி 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர். வாயு 82 வீதம் ஆகன், 18 வீதம் காபனீரொட்சைட்டு கலந்தது. தனிக் காபனீரொட்சைட்டு மலிவு, ஆனால் பொறி கூடத் தெறிக்கும். வாயுவே வேண்டாம் என்று விற்கும் மெஷின்களில் கம்பிக்குள் மருந்துத்தூள் இருக்கும். காற்றடிக்கும் வெளியில் இரும்பு வேலி ஒட்ட அவை நல்லவை. கார்த் தகட்டுக்கு அவற்றின் சூடு அதிகம். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்ற வீதத்தையும் பாருங்கள். கார் வேலையில் துண்டு துண்டாகத்தான் ஒட்டுவோம் என்பதால் அதற்காக நிறையக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கணக்காளனாக ஒரு வரி. மெஷினின் விலையோடு செலவு நிற்காது. வாயுப் போத்தல், அழுத்தச் சீராக்கி, தானாக இருளும் முகக்கவசம், தோல் கையுறை எல்லாம் சேரும். வருடத்தில் இரண்டு தடவை ஒட்டுகிறவருக்கு வாடகைப் போத்தல் நட்டம். சொந்தமாகச் சிறியதொன்றை வாங்குவதே மேல்.

1980களின் நடுவிலிருந்து பல கார்களின் தகட்டுக்கு நாகப்பூச்சு இருக்கிறது. ஒட்டும் இடத்தில் அதை உராய்ந்து நீக்குங்கள். அந்தப் புகை காய்ச்சலைத் தரும். பற்றறியைக் கழற்றுங்கள். எரிபொருள் தாங்கிக்கும் குழாய்களுக்கும் அருகே வேண்டாம். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். முதலில் பழைய கார்க் கதவொன்றை வாங்கி, துளையிட்டு, அத்துளையை நிரப்பி ஒட்டப் பழகுங்கள். தொழிற்சாலையின் புள்ளி ஒட்டுக்கு வீட்டில் கிடைக்கும் மாற்று அதுதான். ஒட்டியதை உளியால் பிரித்துப் பாருங்கள். ஒட்டு கழன்று வந்தால் இன்னும் பழக வேண்டும். ஒட்டு நிற்க, பக்கத்துத் தகடு கிழிந்தால் காருக்குக் கீழே போகலாம். புதிய கார்களின் நடுத்தூணில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது சூட்டில் அச்சிட்டு வலுவேற்றிய உருக்கு; அதைக் கராஜுக்கே விடுங்கள்.