கையெழுத்து மட்டும் போதுமா? – மாட்ரிகல் வழக்கும் அதற்குப் பின்னும்

கடன் பத்திரத்தின் மொழி தெரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால், அவர் மொழியில் அதைச் சொல்லிக் காட்டி, 'விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்று தனியாக ஒரு தாளில் எழுதி வாங்கவேண்டும். வங்கியில் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இருபது வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கும் எனக்கு, அமெரிக்காவில் 1978ல் தீர்ப்பான ஒரு வழக்கைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அது மனநல வழக்கு அல்ல. ஆனாலும் ஊர் விட்டு ஊர் போன பெண்களின் மனநலத்தைப் பற்றிப் பேசினால் நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

லாஸ் ஏஞ்சலீஸ் கவுன்ட்டியின் பெரிய பொது மருத்துவமனை. 1960களின் கடைசியிலிருந்து 1974 வரை, அங்கே பிரசவத்துக்குப் போன மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலருக்கு, குழந்தை பிறந்த கையோடு கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்து அனுப்பிவிட்டார்கள். பிரசவ வலியில் துடிக்கிறபோது ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து. சிலர் அதை சிசேரியனுக்கான படிவம் என்று நினைத்தார்கள். 'குழாயைக் கட்டுகிறோம்' என்று சொன்னதைக் கேட்டு, கட்டினதை அப்புறம் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்களும் உண்டு. அங்கே பயிற்சியில் இருந்த பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் என்ற இளம் டாக்டர் ஆதாரங்களைச் சேர்த்து வெளியே கொடுத்தார். 1975ல் வழக்குப் பதிவானது. டோலரஸ் மாட்ரிகல் உள்பட 10 பெண்கள் வாதிகள். சட்டம் படித்து முடித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்த அன்டோனியா ஹெர்னாண்டஸ் அவர்களுடைய வக்கீல்களில் ஒருவர்.

கார்லோஸ் வேலஸ்-இபான்யஸ் என்ற மானிடவியல் பேராசிரியரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பெண்களோடு மணிக்கணக்காக உட்கார்ந்து பேசியிருந்தார். கிராமத்துச் சூழலில் வளர்ந்த இவர்களுக்குப் பிள்ளைப்பேறு என்பது வீட்டிலும் உறவிலும் தங்களுக்குள்ள இடத்தோடு ஒட்டியது என்றார். அது போன பிறகு மனச்சோர்வு, கணவனோடு சந்தேகமும் சண்டையும், ஞானஸ்நானம் மாதிரி விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குவது, சொந்தபந்தத்திடமே மறைப்பது... இழப்பு எவ்வளவு ஆழம் என்று காட்டத்தான் இத்தனையும் சொன்னார்.

நீதிபதி ஜெஸ்ஸி கர்டிஸ் இதை முழுசாக ஏற்றுக்கொண்டார். வேடிக்கை அங்கேதான். ஒரு படித்த பேராசிரியருக்கே இதையெல்லாம் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது, வேலை நெருக்கடியில் ஓடுகிற டாக்டர்களுக்கு இந்தப் பெண்களின் வழக்கத்துக்கு மாறான கலாசாரம் எப்படித் தெரியும் என்று திருப்பிவிட்டார். நடந்தது தகவல் தொடர்பில் வந்த கோளாறு, யார் மேலும் குற்றம் இல்லை. பெண்கள் தோற்றார்கள். அவர்களுக்காகச் சொன்ன சாட்சியமே அவர்களுக்கு எதிராகப் போனது.

என் கிளையில் யாராவது, 'வாடிக்கையாளருக்கு ஆங்கிலம் தெரியாதென்று எனக்குத் தெரியாது சார்' என்று பதில் எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. ஸ்பானிஷ் மொழியில் ஒப்புதல் படிவங்கள் வந்தன, கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவே காத்திருப்புக் காலம் வந்தது, கலிஃபோர்னியா தன் பழைய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை 1979ல் ரத்து செய்தது. லாஸ் ஏஞ்சலீஸ் கவுன்ட்டி மன்னிப்புக் கேட்டது 2018ல். நாற்பது வருடம் கழித்து!

சரி, அந்தப் பெண்களில் ஒருவர் மனச்சோர்வோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோ வழியாகப் பார்த்தால் ஓரளவு புரியும். சாவு வீட்டிலோ குடும்பச் சண்டையிலோ திடீரென்று கத்தி, அழுது, உடம்பு நடுங்கி, நெஞ்சிலிருந்து சூடு தலைக்கு ஏறி, சில சமயம் மயங்கியும் விழுவதை அங்கே 'அட்டாகே தே நெர்வியோஸ்' என்பார்கள். நரம்புகளின் தாக்குதல் என்று சொல்லலாம். (நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் 'நரம்புத் தளர்ச்சி' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ஜாதிச் சொல்.) பெண்களிடம் அதிகம். 1950களில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் அந்தத் தீவுச் சிப்பாய்களிடம் இதைப் பார்த்துவிட்டு 'போர்ட்டோ ரிக்கோ சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஊரின் பெயரையே வியாதியாக்கிவிட்டார்கள்! பீட்டர் குவார்னாசியா போன்றவர்கள் அந்தத் தீவிலேயே ஆராய்ந்து, இது பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை, துக்கத்தை வெளியே சொல்ல அந்தச் சமூகம் வைத்திருக்கும் ஒரு வழி, சிலருக்கு மட்டும் பின்னால் ஒரு நோய் இருக்கலாம் என்று காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது 1994ல். 2013 பதிப்பில், நோயாளி தன் கஷ்டத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார், எதனால் வந்தது என்று நினைக்கிறார் என்பதையெல்லாம் விசாரிக்கும் 16 கேள்விகள் சேர்த்தார்கள்.

ஆனால் கையேட்டுக்காக எல்லாரும் காத்திருக்கவில்லை. மயாமியில் ஹொசே சபோஸ்நிக் 1970களில் கியூபா அகதிக் குடும்பங்களோடு வேலை செய்தார். பிள்ளைகள் ஆங்கிலமும் அமெரிக்கப் பழக்கமும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பெற்றோர் பின்தங்குகிறார்கள், இரண்டுக்கும் நடுவில் அம்மா மாட்டிக்கொள்கிறாள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது. (வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா?) அதனால் பையனைத் தனியாக உட்காரவைத்து 'உன் மனசைச் சொல்' என்று கேட்கும் முறையை விட்டுவிட்டுக் குடும்பத்தையே கூட்டி வைத்துப் பேசும் சிகிச்சையை உருவாக்கினார்கள். எல்லாரும் வரமாட்டேன் என்றால், வருகிற ஒருவரை வைத்தே குடும்பத்தின் போக்கை மாற்றுவது எப்படி என்றும் சோதித்துப் பார்த்தார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது நியூயார்க்கில் நடந்தது. ஜுசெப்பே கொஸ்தந்தீனோவும் இரண்டு சகாக்களும் போர்ட்டோ ரிக்கோ நாட்டுப்புறக் கதைகளை எடுத்தார்கள். சிகிச்சையாளரோடு அம்மாவும் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவேண்டும், பிறகு எல்லாருமாகப் பேசவேண்டும். ஒரு குழுவுக்குக் கதை அப்படியே, இன்னொன்றுக்கு நியூயார்க் தெருவுக்கு மாற்றிய கதை. 1986ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையைவிட இதில் பிள்ளைகளின் பதற்றம் நன்றாகக் குறைந்திருந்தது. இங்கே அம்மாவின் ஊர்க் கதை மருந்து. லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றத்தில் அதே மாதிரி விஷயம் டாக்டர்கள் தப்பிக்கிற வழி. சொல்லப்போனால் தீர்ப்பு வந்த அதே 1978லேதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் கொஞ்ச சாவ்செதோ முதலானவர்கள் இன்ஸ்டிட்யூட்டோ ஃபமிலியார் தே லா ராசா என்ற மையத்தைத் தொடங்கினார்கள். ஸ்பானிஷ் மொழியில் ஆலோசனையும் உண்டு, பூர்வகுடிச் சடங்குகளுக்கும் அங்கே இடம் உண்டு.

ஆள்கணக்குதான் இடிக்கிறது. அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2001 அறிக்கைப்படி, லத்தீனோ மக்கள் 1,00,000 பேருக்கு அவர்கள் இனத்து மனநலப் பணியாளர்கள் 29 பேர். வெள்ளையருக்கு அதே கணக்கு 173. (இப்போது ஆண் பெண் பேதம் இல்லாமல் 'லத்தீனே' என்றும் எழுதுகிறார்கள்.) ஆள் இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பது யார்? கூட வந்த பிள்ளை. இங்கே அகமதாபாத்தில் என் கவுன்ட்டருக்கும் பத்து வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். பாஸ்புக் விஷயத்துக்குச் சரி. 'எனக்கு வாழவே பிடிக்கவில்லை' என்பதை எந்த அம்மா மகன் வாயால் டாக்டரிடம் சொல்லுவாள்?

அரசுப் பணம் வாங்கும் இடங்களில் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சேவை தரவேண்டும் என்று 2000ல் கிளின்டன் ஆணை போட்டார். ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கிய 2025 மார்ச் ஆணையில் அதை ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பழைய ஆணைக்கு அடிப்படையான 1964 சிவில் உரிமைச் சட்டம் இன்னும் இருக்கிறது.

நம் பக்கம் ஒரு விஷயம். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. 20 மொழிகள், தமிழும் உண்டு. வெளியூரில் இருக்கிறவர்கள் வீட்டுப் பெண்கள் கையில் இந்த எண்ணைக் கொடுத்துவையுங்கள். உங்கள் ஊரில் தமிழில் பேசக்கூடிய மனநல ஆலோசகர் யாராவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள், ஊர்வாரியாகப் பட்டியல் போடுகிறேன்.