ஆடிக் கற்கும் அறம்: ஞானப் பலகை முதல் மண்டபம் கடல் வரை

விளையாட்டென்றால் வீண்பொழுது என்று கருதுவோர் நம்மிடையே உளர். ஆயின், அறத்தைப் பலகையில் வரைந்து, அதனை ஆடவைத்துக் கற்பித்த மரபு சமணத்துக்கு உண்டு. குசராத்து, இராசத்தான் பகுதிகளில் வாழ்ந்த சமணர்கள் 'ஞான சௌபர்' என்னும் ஆட்டப் பலகையைத் துணியிலும் தாளிலும் தீட்டி வைத்திருந்தனர். சமணப் பலகைகளில் பெரும்பாலும் 84 கட்டங்கள் இருக்கும். அடியில் தாழ்ந்த கதிகள், உச்சியில் சித்தசிலை. நற்குணம் ஏணியாகி ஏற்றும். தீக்குணம் பாம்பாகி இறக்கும். பர்யூஷண நாள்களில் இல்லறத்தார் சோழி உருட்டி இதனை ஆடினர். தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதம் இதன் உறவாட்டமே. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றபோது இவ்வாட்டம் அறப்பொருளை மெல்ல இழந்து, சிறுவர் விளையாட்டாக எஞ்சியது.

இப்பலகைக்கு ஓர் எல்லை உண்டு. சோழி விழுந்தபடியே காய் நகரும். ஆடுவோனுக்குத் தேர்வு இல்லை. பாம்பு கடித்தால் அவன் ஒருவனே இறங்குவான். வாழ்வில், சிறப்பாக வணிகத்தில், நிலைமை வேறு. ஒருவர் தேர்ந்தெடுத்த செயலின் தீப்பயன் ஊரார் அனைவரையும் தீண்டும். இவ்வுண்மையைக் கற்பிக்க வேறுவகை ஆட்டம் தேவைப்பட்டது.

பாவனை ஆட்டங்களின் வரலாறு

மெய்ந்நிலையைச் சிறுவடிவில் அமைத்து, அதில் முடிவெடுக்கப் பழக்குவது பாவனை ஆட்டம். 1824 இல் பிரஷ்யப் படையினர் போர்ப்பயிற்சிக்கு இத்தகைய ஆட்டத்தை ஏற்றனர். 1932 இல் லெனின்கிராடில் மரியா பிர்ஷ்டெய்ன் என்னும் அம்மையார் தொழிற்சாலை நிருவாகத்தைக் கற்பிக்க ஆட்டம் அமைத்தார். 1950களில் அமெரிக்க மேலாண்மைச் சங்கம் கணிப்பொறியின் துணையுடன் வணிக ஆட்டத்தை உருவாக்கியது. இவற்றின் நோக்கம் வெல்வதும் ஈட்டுவதுமே.

1980களில் இப்போக்கு மாறியது. 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் 1972 ஆம் ஆண்டு நூலின் ஆசிரியருள் ஒருவரான டென்னிஸ் மெடோஸ், 'ஃபிஷ் பேங்க்ஸ்' என்னும் ஆட்டத்தை வகுத்தார். ஆடுவோர் மீன்பிடி நிறுவனங்களாகப் பிரிவர். ஆண்டுதோறும் எத்தனை கப்பல் வாங்குவது, எங்கே செலுத்துவது என முடிவெடுப்பர். மீன் தன் இயல்பில் பெருகும். அளவுமீறிப் பிடித்தால் பெருக்கம் குன்றும். ஆடும் குழுக்கள் பெரும்பாலும் கடலை வெறுமையாக்கிவிட்டே நிமிர்ந்து பார்க்கின்றன. மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் இதனை ஆடவைக்கின்றனர்.

புளியங்கொட்டைப் பாடம்

பணி ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகள் நான் மண்டபம் பகுதிப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். அறவழிப் பொருளீட்டல் பற்றிய செய்யுட்பகுதியை நடத்தியபோது மாணவர் முகங்களில் சோர்வே தெரிந்தது. மறுநாள் ஒரு தட்டில் 50 புளியங்கொட்டைகளை இட்டேன். அதுவே கடல். மாணவர்களை ஐந்து குழுக்களாக்கினேன். ஒவ்வோர் 'ஆண்டும்' குழுவினர் தமக்கு வேண்டிய எண்ணிக்கையைப் பிறரறியாமல் எழுதித் தரவேண்டும். எஞ்சியவை இருமடங்காகும், ஆயின் 50 ஐத் தாண்டா.

முதலாண்டு 32 எடுத்தனர். எஞ்சிய 18, 36 ஆயிற்று. இரண்டாமாண்டு 30 எடுத்தனர். எஞ்சிய 6, 12 ஆயிற்று. மூன்றாமாண்டில் தட்டு காலி. மொத்த வருவாய் 74.

அடுத்த ஆட்டத்தில் முன்கூட்டிப் பேசிக்கொள்ள இசைவளித்தேன். நெடுநேர வாதத்துக்குப்பின் குழுவுக்கு ஐந்து என உடன்பட்டனர். 25 எடுக்க, எஞ்சிய 25 மீண்டும் 50 ஆயிற்று. பத்தாண்டு ஆடி 250 பெற்றனர், தட்டும் நிறைந்திருந்தது.

அறியாமையே கேட்டுக்குக் காரணம் என்று முடிவுரைக்க நான் வாயெடுத்தேன். மீனவர் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், இது எங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும். நாம விட்டாலும் அடுத்தவன் அள்ளிருவான்னுதான் போறாரு" என்றான். என் முடிவுரை பிழையென அன்று உணர்ந்தேன். அறியாமை மட்டுமன்று, ஒருவர்மேல் ஒருவர்க்கு நம்பிக்கையின்மையே கடலை வற்றச்செய்கிறது.

மண்டபம் கடலின் சான்று

அம்மாணவன் கூற்றுக்கு மண்டபம் கடலே சான்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம், கொச்சிக்கு மாறுமுன் இங்கேதான் இருந்தது. 1986 இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் பின்னர் நீரில் மூழ்கின. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கு வெட்டியெடுத்ததை அதற்குக் காரணமாகக் காட்டுவர். பவளங்களும் கடல் அட்டையும் 2001 இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன.

மறுபுறம், பேசி உடன்பட்ட இரண்டாம் ஆட்டத்துக்கு நிகரானவையும் இக்கடலில் உள்ளன. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்னும் பங்கீடும் உண்டு. இவை முற்றும் காக்கப்படுகின்றன என்று கூறுவதற்கில்லை. எனினும் எடுப்பதற்குமுன் வரம்பிடும் நெறி இவற்றில் உள்ளது.

நிறுவனப் பொறுப்புக்கும் இங்கே ஒரு பாடம் கிடைக்கிறது. 2000 ஆம் ஆண்டையொட்டி, பெப்சிகோ நிறுவனம் மண்டபம் கடற்கரையில் 'கப்பாபைகஸ்' என்னும் அயற்கடல் பாசியை ஒப்பந்தமுறையில் வளர்க்கச் செய்தது. மகளிர் உதவிக் குழுவினர் மூன்று மீட்டர் சதுர மூங்கில் மிதவைகளில் அதனைக் கட்டி, 45 நாளில் அறுவடை செய்தனர். பல குடும்பங்களுக்கு வருவாய் கிட்டியது. ஆயின், 2005 இல் தமிழக அரசு இவ்வளர்ப்புக்கு இட எல்லை வகுத்தது. 2008 இல், குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள்மேல் இப்பாசி படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். அவ்வாண்டே அந்நிறுவனம் இத்தொழிலை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இங்கே தீய நோக்கம் கொண்டார் எவருமிலர். நிறுவனம், மகளிர், அறிவியலார் ஆகியோர் கலந்து எடுத்த முடிவில் இடம்பெறாத ஓருயிர் பவளம். இதனைப் பாவனை ஆட்டமாக அமைத்தால், பவளத்துக்காகப் பேச ஒரு மாணவரை அமர்த்துவதே முதல் விதியாக வேண்டும்.

சட்டமும் விரதமும்

2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, குறித்த அளவுக்குமேல் வளமுடைய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கட்டளையிடுகிறது. நன்று. ஆயின் இஃது ஈட்டியபின் ஈவது. புளியங்கொட்டை ஆட்டத்தில் 32 எடுத்துவிட்டு ஒன்றைத் தட்டில் திருப்பியிட்டால் கடல் பிழைக்காது.

சாவகர்க்குரிய அணுவிரதம் ஈட்டுவதற்குமுன் தொடங்குகிறது. மிகுபொருள் விரும்பாமை என்பது, இத்துணையே எனக்குப் போதும் என முன்னரே வரம்பிடுதல். இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை நம் ஒழுக்கநூல்கள் அடுக்குகின்றன; அவற்றுள் காடழித்தலும் நீர்நிலைகளை வற்றச்செய்தலும் உள. ஈகையும் வேண்டும், அதற்கு முன்னே அளவு வேண்டும்.

இவ்வாறு வரம்பிடுதல் கற்பிக்கக்கூடியதா? ஆந்திரச் சிற்றூர்களில் சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளையும் ஆய்வாளர்களும் உழவர்களை நிலத்தடிநீர் ஆட்டம் ஆடச்செய்தனர். எப்பயிரைத் தேர்ந்தால் நீர்மட்டம் என்னாகும் என்பதை அவர்கள் ஆடியறிந்தனர். ஆடிய ஊர்களில் நீர்ப்பயன்பாட்டுக்குப் பொதுவிதி வகுக்கும் போக்கு மிகுந்ததெனப் பின்னாய்வு காட்டியது. ஆட்டம் மட்டுமே அறமாகாது. அஃது உரையாடலைத் தொடங்கிவைக்கும்.

நம் பிள்ளைகளுள் பலர் இன்று வணிகமும் மேலாண்மையும் பயில்கின்றனர். நாளை நிறுவனங்களில் முடிவெடுக்கும் இருக்கைகளில் அமர்வர். விழா நாளில் குடும்பம் கூடும்போது, ஒரு தட்டும் ஐம்பது புளியங்கொட்டைகளும் கொண்டு அவர்களுடன் ஒருமுறை ஆடிப்பாருங்கள். முதல் ஆட்டத்தில் கடல் வற்றும்போது கடிந்துகொள்ள வேண்டா. இரண்டாம் ஆட்டத்துக்குமுன் அவர்கள் தமக்குள் பேச நேரம் கொடுங்கள். அந்த மண்டபத்து மாணவன் எனக்குக் கற்பித்த பாடம் அப்பேச்சில்தான் இருக்கிறது.