ஓர் அடிகளுக்குச் சோறு: ஊணளவும் உடல் எடையும்

பழனிக்கு மேற்கே ஐவர்மலை என்னும் குன்று உள்ளது. பண்டைத் தமிழ் நூல்களில் வரும் அயிரை மலை இதுவே என்பாரும் உளர். அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் நெற்றியில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், பாண்டியன் இரண்டாம் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர் இங்குப் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவற்றின் வழிபாட்டு அவியும் ஓர் அடிகளுக்குச் சோறும் முட்டாமல் நடைபெறும்பொருட்டு 505 காணம் பொன்னையும் அவர் அமைத்தார்.

வரலாற்று ஆசிரியர்க்கு இக்கல்வெட்டு வரகுணன் முடிசூடிய ஆண்டு 862 என நிறுவும் சான்று. அடியேனுக்கோ அதன் கடைசிச் செய்தியே நெஞ்சில் தங்கியது. ஓர் அடிகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு வேண்டும்?

இவ்வினா எழுந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பணி நிமித்தமாக வடபகுதியிலிருந்து வந்து திண்டுக்கல்லுக்கு வடகிழக்கே உள்ள அய்யலூரில் பல ஆண்டுகள் குடியிருந்தேன். வியாழன்தோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. நம்மவர் ஒருவர் அவ்வழியே கண்ணைத் திருப்பாமல் கடப்பது கடினம். உயிரோடு நிற்கும் ஆட்டை எடை மதித்து விலை பேசுவர். அப்படியொரு வியாழனன்றுதான் மருத்துவர் என்னையும் எடை பார்த்தார்: 82 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது. முதற்கண் ஆறு கிலோ குறையுங்கள் என்றார்.

எப்படிக் குறைப்பது என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. ஆகவே பணம் கட்டி ஒரு மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்தேன். அவர்கள் அனுப்பிய பட்டியலில் காலையில் வெந்நீரில் தேன், பின்னர் முட்டையின் வெண்கரு, இரவு எட்டு மணிக்கு உடற்பயிற்சிக் கூடம், ஒன்பதுக்கு உணவு என்றிருந்தது. நான் சைவம் என்றேன். முட்டையை நீக்கிப் புரத மாவைச் சேர்த்தனர். தேனும் ஆகாது என்றபோது அவர்களுக்கு விளங்கவில்லை. ஊட்டச்சத்துக் குளிகையின் மேலுறை விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின் என்பதை நானே பின்னர்தான் அறிந்தேன். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது. அடுத்த நான்கு மாதத்தில் ஆறு கிலோ ஏறியது. விரதமும் கெட்டது, எடையும் போகவில்லை. அதன் பிறகே நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

நம் ஆகமங்கள் புறத்தவம் ஆறு என வகுத்துள்ளன. அநசனம், அவமோதர்யம், விருத்தி பரிசங்க்யானம், ரசபரித்யாகம், விவிக்த சய்யாசனம், காயக்லேசம் என்பன அவை. இவற்றுள் முதல் நான்கும் உணவைப் பற்றியவை என்பதை இளமையில் மனப்பாடம் செய்தபோது நான் கவனித்ததில்லை. உண்ணாதிருத்தல் ஒன்றே தவம் என்று நம் இல்லங்களில் எண்ணுகிறோம். அடுத்த படியான அவமோதர்யம், அதாவது வயிறு நிரம்பும் முன் கையை எடுத்தல், பெரிதும் பேசப்படுவதில்லை. வட்டகேரர் அருளிய மூலாசாரம் ஆடவர்க்கு நிறையுணவு 32 கவளம் என்றும் பெண்டிர்க்கு 28 கவளம் என்றும் அளவு கூறுகிறது. அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அவமோதர்யமே. ஒரு கவளமாவது ஆயிரம் அரிசி என்பது உரை மரபு.

ஓர் ஓய்வு நாளில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயிரம் அரிசி ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் நிற்கும். 32 கவளத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி வரும். கலோரியில் சொன்னால் 1,700க்குக் குறையாது. ஒரு வேளை மட்டும் உண்ணும் துறவிக்கு அது ஒரு நாள் உணவு. இன்றைய உணவியலார் ஓர் ஆளுக்கு விதிக்கும் அளவிலிருந்து அது வெகு தொலைவில் இல்லை. ஆனால் நம்மில் பலர் மதியம் ஒரு வேளையிலேயே 32 கவளத்தை முடித்து, மாலையில் பலகாரமும் இரவில் இட்லியும் சேர்க்கிறோம். துறவியின் ஒரு நாள் உணவு நமக்கு ஒரு வேளைக்கே ஆகிறது என்று இல்லத்தாரிடம் சொன்னபோது, கவளத்தை எண்ணியா பரிமாறுவது என்று நகைத்தனர்.

ரசபரித்யாகம் இன்னும் வியப்பூட்டுவது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ நாள் குறித்து விடுதல் அது. இன்றைய மருத்துவர் குறைக்கச் சொல்லும் நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் அப்பட்டியலில் முன்பே உள்ளன. இல்லறத்தார்க்குரிய போகோபபோக பரிமாண விரதமோ, இன்று இவ்வளவே நுகர்வேன் என்று காலையிலேயே எல்லை கட்டிக்கொள்வது. உணவுக் குறிப்பேடு எழுதச் சொல்லும் இக்காலத் திட்டங்களுக்கு அது அண்ணன் முறை ஆகும்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இவை எவையும் மெலிவதற்காக ஏற்பட்டவை அல்ல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் அநசனம் நோற்று உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. தமிழ் எழுத்து வரலாற்றிலும் பெருமை பெற்ற கல் அது. அக்கல்லின் முன் நின்று எடைக் குறைப்பைப் பற்றிப் பேசுவது அவமதிப்பாகும். வினை நீக்கம் அவர் நோக்கம். நம் நோக்கம் இடுப்புச் சுற்றளவு. கருவி ஒன்றாயினும் காரியம் வேறு.

மெலிவதற்காகவே உணவுத் திட்டம் என்பது மேனாட்டில் தோன்றிய வழக்கம். அதன் வயது இன்னும் இருநூறைத் தொடவில்லை என்றே சொல்லலாம். இலண்டனில் ஈமச் சடங்குகள் நடத்தும் தொழில் புரிந்த வில்லியம் பான்டிங் என்பவர் 1862இல் 202 பவுண்டு எடையிருந்தார். படகு வலித்துப் பார்த்தார். பசி கூடிற்றேயன்றி உடல் குறையவில்லை. வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. அந்த அனுபவத்தை 1863இல் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் பெயரே ஆங்கிலத்தில் மெலிவதைக் குறிக்கும் வினைச்சொல் ஆயிற்று. சுவீடன் மொழியில் இன்றளவும் அப்படியே வழங்குகிறது. அவர் உண்டது பெரும்பாலும் புலால். மாவுப்பொருளை விலக்கு என்று இன்று வரும் திட்டங்கள் பலவும் அவர் வழித்தோன்றல்களே என்பதால், அவற்றை அப்படியே ஏற்க நம்மால் இயலாமற் போவதில் வியப்பில்லை.

1918இல் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் கலோரி எண்ணும் வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். அதே ஆண்டில் நம் நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அங்கே கவலை நேர்மாறானது. பாரதத்தின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்த அவர், சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்ததையும் சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை பின்தங்கியதையும் கண்டார். எடை கூடுவதே நலத்தின் அடையாளமாக இருந்த காலம் அது. அவ்வாய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் மெல்லக் குறைப்பதே பாதுகாப்பு என்கிறது. உணவு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகலாகாது என்கிறது. புரத மாவுகளைத் தவிர்க்கவும் சொல்கிறது. நூறாண்டுக்குள் கவலை எப்படித் திரும்பிவிட்டது, பாருங்கள்.

விரைந்து மெலிந்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வு சான்று. நம்மவர் மதிக்கத்தக்க ஒரு செய்தி அதில் உண்டு. 1944–45இல் அதற்கு உடன்பட்ட 36 இளைஞரும் கொலைத்தொழிலுக்கு ஒவ்வாமல் போருக்குப் போக மறுத்தவர்கள். போரினால் பட்டினி கிடப்போரை எவ்வாறு மீட்பது என்று அறியத் தம் உடலையே கொடுத்தனர். 24 வாரம் ஏறத்தாழப் பாதி உணவு. வாரம் 22 மைல் நடை. எடையில் கால்பங்கு போயிற்று. அதோடு மகிழ்ச்சியும் போயிற்று. சமையல் நூல்களையே படித்துக்கொண்டும் உணவையே கனவு கண்டும் இருந்தனர். கட்டு அவிழ்ந்தபின் அடங்காப் பசியோடு உண்டு கொழுப்பு கூடினர். என் நான்கு மாதக் கதையும் சிறிய அளவில் இதுவேதான்.

நமக்கு மிக அண்மையான சான்று சென்னையிலிருந்து வருகிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். வெறும் பொது அறிவுரை பெற்றவருள் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரை மணி விரைநடையும், அரிசி மாவுப்பொருள் சர்க்கரை எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்த உணவும் மேற்கொண்டவருள் 39 விழுக்காட்டினர்க்கே வந்தது. நான் இருமுறை படித்த செய்தி இனித்தான்: அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் விலகி நின்றது. திட்டத்தைத் தேர்வோர் எடைப்பொறியை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நானறியேன். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நம் நாட்டினர்க்கு நலம் என்பர். அளவு நாடாவின் விலையோ மிகச் சிறிது.

இனி இரவுண்ணாமை. நம் மலர்களில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர், நம் விரதத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என எழுதுகிறார். அது மிகை. சீனத்துக் குவாங்சோவில் 139 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் உண்டவர் சராசரி 8 கிலோவும், அதே கலோரி அளவை நேர எல்லையின்றி உண்டவர் 6.3 கிலோவும் குறைந்தனர். அவ்வேறுபாடு உறுதியாகக் கொள்ளத்தக்கதன்று என ஆய்வாளரே கூறினர். விளக்கொளியில் விழும் சிற்றுயிர்களுக்கு இரங்கியே நம் முன்னோர் இரவுணவை விலக்கினர். அக்காரணம் தன்னளவிலேயே நிறைவானது. எடைக் கணக்கு அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எனினும் பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டாத வீட்டில் நொறுக்குத் தீனிக்கு இடமில்லை என்ற பயன் எனக்குக் கிட்டியதை மறுக்க மாட்டேன்.

இளையோர் எவ்வழியேனும் தேர்ந்துகொள்வர். என் அச்சம் முதியோரைப் பற்றியது. தசலட்சண பருவத்தில் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் முழு உபவாசம் ஏற்று, சர்க்கரை தாழ்ந்து மயங்கியதை எம் உறவிலேயே கண்டேன். அவர்கள் பிடிவாதத்துக்குக் காரணம், உபவாசம் தவறினால் தவமே தவறியது என்ற எண்ணம். தீர்த்தங்கர நாமகர்மத்துக்கு ஏதுவான பதினாறு பாவனைகளுள் ஒன்று சக்திதஸ்தபம், அதாவது ஆற்றலுக்கேற்ற தவம். ஏகபுக்தமும் அவமோதர்யமும் ரசபரித்யாகமும் தவமே. இதை ஆலயத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பெரியோர்கள்தாம். மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பருவத்துக்கு முன்பே காண வைக்க வேண்டியவர்கள் பிள்ளைகள்.

என் திட்டத்தை யாரும் கேட்கவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு எண்ணெயும் புதன் இனிப்பும் விட்டேன். மதியச் சோற்றைக் கால்பங்கு குறைத்து, அவ்விடத்தில் பயறும் கீரையும் சேர்த்தேன். தேனில்லை, குளிகையில்லை. விடியலில், வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையை விட்டு, அய்யலூருக்கு அப்பால் மலைப்பக்கம் போகும் பாதையில் முக்கால் மணி நடை. அம்மலைக் காடுகளையும் உள்ளடக்கி 2022இல் அரசு 11,806 எக்டேரில் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தது. நாட்டிலேயே அவ்வகையில் அது முதலாவது. மெலிந்தவரைத் தேவாங்கு என்று ஏளனம் செய்யும் ஊரில் நான் மெலிவதற்காக நடந்தேன். இரவுப் பிராணியாதலால் ஒரு நாளும் அது என் கண்ணில் படவில்லை. பதினான்கு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்து அங்கேயே நிற்கிறது. சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டது. மருத்துவர் கேட்ட ஆறில் ஒன்று பாக்கி.

சென்ற தை மாதம் மீண்டும் ஐவர்மலை சென்றேன். முதன்முறை ஏறியபோது ஐந்து இடத்தில் அமர்ந்தவன் இம்முறை இரண்டு இடத்தில் அமர்ந்தேன். பார்சுவநாதரை வணங்கிவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த கேழ்வரகு அடையைப் பொழுது சாயுமுன் உண்டு இறங்கினோம்.