கிரயம்

‘கிரயம்’ வடசொல். அங்கே அதற்கு வாங்குதல் என்றே பொருள். விற்பதற்கு ‘விக்கிரயம்’ என்று தனிச்சொல் உண்டு. தமிழுக்கு வந்ததும் அந்தக் கோடு அழிந்துவிட்டது. விற்றவர் “கிரயம் பண்ணிக் கொடுத்துட்டேன்” என்கிறார், வாங்கியவரும் “கிரயம் முடிச்சாச்சு” என்கிறார். கல்வெட்டுகளில் இதே காரியத்துக்கு ‘நிலவிலை ஆவணம்’ என்ற அழகான பெயர் இருந்தது. அதை ஏன் கைவிட்டோமோ!

பத்திர எழுத்தரிடம் போய் உட்கார்ந்தால் அவர் முதலில் கேட்பது, “அக்ரிமெண்டா, சுத்தக் கிரயமா?” இந்தச் ‘சுத்த’த்தில்தான் விஷயம் இருக்கிறது. அடமானமோ போக்கியமோ அல்ல, திரும்பக் கேட்க முடியாத முழு விற்பனை என்பதை அது சொல்கிறது. கிரய ஒப்பந்தம் வேறு. முன்பணம் கொடுத்து அதில் கையெழுத்துப் போட்டவுடன் வீடு தம்முடையதாகிவிட்டதென்று பலர் நம்பிவிடுகிறார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 54, ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ மனையோ பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் கைமாறும். இன்றைக்கு 100 ரூபாய்க்கு ஒரு செங்கல் அடுக்கு வருமா என்பது வேறு கதை.